ஜூலை 20-ஆ, 21-ஆ?

கேள்வி: நிலவுக்குப் போய்வந்த மனிதர்களின் வரலாற்றைத் தமிழில் தொகுத்து வருகிறேன். அப்போலோ 11 இறங்கியது ஜூலை 20 என்கிறது ஒரு நூல், 21 என்கிறது இன்னொன்று. அசல் வீடியோ டேப்பையும் நாசா தொலைத்துவிட்டதாம். எதைத்தான் நம்பி எழுதுவது?

பதில்: டேப் கதையை முதலில் முடித்துவிடுவோம். நிலவிலிருந்து வந்த படம் விநாடிக்கு 10 ஃபிரேம், 320 வரி. வீட்டு டிவிக்கு அது ஒத்துவராது. தரை நிலையத்தில் அதை ஒரு திரையில் ஓட்டி, எதிரே இன்னொரு கேமராவை வைத்துப் பிடித்து ஒளிபரப்பினார்கள். மங்கலுக்குக் காரணம் அதுதான். மாற்றப்படாத சிக்னல் டெலிமெட்ரி டேப்புகளில் (விண்கலம் அனுப்பும் தகவல்களைப் பதியும் டேப்புகள்) பதிவாகியிருந்தது. டேப் தட்டுப்பாட்டில் அவற்றை அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று 2009-ல் நாசாவே சொல்லிவிட்டது. பொறுப்பில்லாத வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் ஒளிபரப்பான பதிவு இருக்கிறது, 16 மி.மீ. படச்சுருள் இருக்கிறது, 21.5 கிலோ கல்லும் மண்ணும் இருக்கிறது.

தேதிக்கு வருவோம். விண்வெளி வீரர்களும் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையமும் பேசிய உரையாடல் பதிவுகள் எல்லாம் ராக்கெட் கிளம்பிய நொடியிலிருந்து எண்ணும் கடிகாரப்படி எழுதப்பட்டவை. அப்போலோ 11 கிளம்பியது 1969 ஜூலை 16, உலக நேரம் 13:32. இறங்கியது 102 மணி 45 நிமிடம் 40 விநாடியில். கூட்டிப் பாருங்கள்: ஜூலை 20, 20:17:40. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி சேர்த்தால் 21-ம் தேதி பின்னிரவு 1:47. ஆர்ம்ஸ்ட்ராங் கால் பதித்தபோது ஹூஸ்டனில் 20-ம் தேதி இரவு 9:56, இங்கே 21 காலை 8:26. இரண்டு நூலுமே சரி. எந்த ஊர் நேரம் என்று சொல்லாததுதான் தப்பு. நீங்களாவது சொல்லுங்கள்.

இந்தக் கணக்கு எல்லாப் பயணத்துக்கும் அப்படியே பொருந்தாது. அப்போலோ 14 மோசமான வானிலையால் 40 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. திட்ட அட்டவணையோடு ஒத்துப்போக, பாதி வழியில், 54 மணி 53 நிமிடத்தில், கடிகாரத்தை 40 நிமிடம் முன்னே தள்ளிவிட்டார்கள். அப்போலோ 17-ல் 65-வது மணியில் 2 மணி 40 நிமிடம். அதற்குப் பிந்திய நேரங்களில் இந்த அளவைக் கழித்துவிட்டுத்தான் கிளம்பிய நேரத்தோடு கூட்ட வேண்டும். இல்லையென்றால் பிந்திய நிகழ்ச்சிகள் அத்தனைக்கும் தவறான நேரம் விழும்.

இறங்காமல் சுற்றி வந்தவர்களையும் சேர்த்தால், நிலவுக்குப் போனவர்கள் 24 பேர். ஒன்பது பயணம், மும்மூன்று பேர் என்று பெருக்கி 27 எழுதிவிடாதீர்கள். லவல், யங், செர்னன் மூவரும் இருமுறை போனவர்கள்.

படங்களுக்கு நாசா எண்ணையும் கட்டாயம் போடுங்கள். ஏஎஸ்11-40-5903 என்றால் அப்போலோ 11, 40 என்ற எண்ணுள்ள ஃபிலிம் மேகசின் (ஃபிலிம் பெட்டி), 5903 என்ற எண்ணுள்ள படம். 'ஆர்ம்ஸ்ட்ராங்' என்று பத்திரிகைகள் பலமுறை அச்சிட்ட அந்தப் படத்தில் நிற்பவர் அவரோடு நிலவில் இறங்கிய ஆல்ட்ரின். ஆர்ம்ஸ்ட்ராங் ஆல்ட்ரினின் ஹெல்மெட் கண்ணாடியில் பொடியாகத் தெரிகிறார், கேமரா ஆர்ம்ஸ்ட்ராங்கிடம் அல்லவா இருந்தது! நிலவில் கமாண்டரின் உடையில் சிவப்புப் பட்டை வந்தது அப்போலோ 14-ல்தான். 11, 12 படங்களில் உடையைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது; எண்ணை உரையாடல் பதிவோடு ஒப்பிட்டுத்தான் பெயர் போட வேண்டும்.