முதல்நன்மை விருந்தும் வெள்ளை உடுப்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாஸ்கா விழாவுக்குப் பிறகு எங்கள் மகளுக்கு முதல்நன்மை, அதாவது திருப்பலியில் முதன்முறையாக நற்கருணை அப்பம் பெறும் நாள். விழாவைச் சிறப்பாகச் செய்யும்படி கனடாவில் இருக்கும் என் அண்ணா பணம் அனுப்பியிருக்கிறார். மண்டபம் எடுத்து இருநூறு பேருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், பிள்ளைக்குச் சங்கிலி போட வேண்டும் என்பது மாமியின் விருப்பம். மகளோடு மறைக்கல்வி படிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பன் கடற்றொழிலாளி. வாடைக் காற்று வீசிய மாதங்களில் அவருக்குச் சரியான தொழில் இல்லை. வெள்ளை உடுப்புக்கு வழியில்லாமல், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அந்தக் குடும்பம் பின்வாங்குகிறது. விருந்தைக் குறைத்து இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுப்போமா என்று கேட்டேன். "தருமம் வேறு, பிள்ளையின் நல்ல நாள் வேறு" என்கிறார் கணவர். எது சரி?
- ஒரு தாய், உப்புவெளி

பதில்: சகோதரி, உங்கள் கணவர் வேறு வேறு என்று சொல்லும் இரண்டும் திருச்சபையின் தொடக்க காலத்தில் ஒரே மேசையில்தான் இருந்தன. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தை நீங்கள் இருவரும் சேர்ந்து ஒருமுறை வாசியுங்கள். ஆண்டவரின் திருவிருந்துக்காகக் கூடிய இடத்தில் வசதியுள்ளவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு உண்ண, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கடுமையாகக் கேட்கிறார். அப்பத்தையும் கிண்ணத்தையும் பற்றி நாம் இன்றும் திருப்பலியில் கேட்கும் சொற்களை, அந்தக் கண்டிப்பை அடுத்தே அவர் எழுதுகிறார். உங்கள் மகள் முதன்முறையாக உட்கொள்ளப் போகும் அந்த அப்பத்தைப் பற்றிய போதனை, ஏழைகள் தலைகுனிந்து நின்ற ஒரு விருந்தைத் திருத்துவதற்காகவே அங்கே நினைவூட்டப்படுகிறது. ஏறத்தாழ கி.பி. 155இல் உரோமையில் எழுதிய புனித யுஸ்தீனும் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போது, வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுத்தது தலைவரிடம் சேர்க்கப்பட்டு அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோருக்குப் போய்ச் சேர்ந்ததை அதே விவரிப்பில் சொல்கிறார்.

அதற்காக விருந்தே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கானாவூர்க் கல்யாண வீட்டில் ஆறு கற்சாடி நிறையத் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கியவர் நம் ஆண்டவர். எட்டு வயதுப் பிள்ளையின் மகிழ்ச்சியைப் பறித்துச் செய்யும் தருமம், வளர்ந்தபின் அந்தப் பிள்ளையின் மனத்தில் கசப்பாகவே தங்கும். ஆனால் விருந்து வைக்கும்போது உறவினரையும் செல்வந்தரான அயலவரையும் அல்ல, திருப்பித் தர இயலாதவர்களை அழையுங்கள் என்று லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் அவரே சொல்கிறார். அழைப்புப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, இவர்களில் எத்தனை பேர் நாளை நம்மைத் தங்கள் வீட்டு விழாவுக்குத் திருப்பி அழைக்கக்கூடியவர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மாமியின் சங்கிலியைப் பற்றி ஒரு சொல். அதை வெறும் ஆடம்பரம் என்று எடுத்தெறிந்து பேசாதீர்கள். போர்க் காலத்தில் ஊர்விட்டு ஊர் ஓடிய குடும்பங்களுக்கு மடியில் முடிந்துகொண்டு போன நகைதான் அரிசியாகவும் மருந்தாகவும் மாறியது. அந்த அச்சம் மாமியின் தலைமுறையை விட்டு எளிதில் போகாது. பிள்ளைக்காகச் சேமிக்க விரும்பினால் சேமிக்கட்டும். அந்த நாளில், பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளின் வெறுங்கழுத்துக்கு முன்னால் அதைப் போட்டுக் காட்ட வேண்டுமா என்பதை மட்டும் அவரிடம் அன்பாகக் கேளுங்கள்.

பணம் அண்ணாவுடையது. விழாவுக்கென்று அவர் அனுப்பியதை அவருக்குச் சொல்லாமல் வேறு வழியில் கொடுப்பது, நோக்கம் எவ்வளவு நல்லதாயினும் நேர்மையாகாது. தொலைபேசியில் பேசி, அந்தப் பிள்ளையின் நிலையைப் பெயர் சொல்லாமல் விளக்குங்கள். குளிரில் இரவு வேலை பார்த்து அனுப்பிய பணமாகவும் அது இருக்கலாம். அவருடைய சம்மதமும் சேர்ந்தால் அது அவருடைய காணிக்கையாகவும் ஆகும்.

நான் மிகவும் கவலைப்படுவது கொடுக்கும் முறையைப் பற்றியே. ஒரு பொதியில் உடுப்பை வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் படலையைத் தட்டாதீர்கள். கடலை நம்பி வாழும் மனிதர் தன் பிள்ளையின் உடுப்பைப் பிறர் கையிலிருந்து வாங்கும்போது, தன் பிள்ளைக்கு முன்னால் சிறுத்துப்போவார். மறைக்கல்விப் பெற்றோர் கூட்டத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே துணியில், ஒரே தையலில் எளிய வெள்ளை அங்கி தைக்கலாம் என்ற யோசனையை முன்வையுங்கள். செலவுக்குப் பெயரில்லாத கடித உறைகளில் அவரவர் இயன்றதைப் போட்டுப் பங்குத்தந்தையிடம் கொடுக்கட்டும். யார் எவ்வளவு போட்டார், யார் போடவில்லை என்பது எவருக்கும் தெரிய வேண்டியதில்லை. மண்டபத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, திருப்பலி முடிந்ததும் ஆலய வளவிலேயே எல்லாக் குடும்பங்களும் சேர்ந்திருந்து காலை உணவு உண்ண ஏற்பாடு செய்யலாம். அந்தப் பிள்ளையின் தாயையும் சமைக்க அழையுங்கள். அவர் வைக்கும் மீன் குழம்பு உங்கள் மகளின் இலையிலும் விழட்டும்.

கேள்வி: எங்கள் பங்கின் இளைஞர்கள் மூதூர்ப் பக்கத்தில் உலர் உணவுப் பொதிகள் கொடுத்தோம். பணம் அனுப்பிய வெளிநாட்டு நண்பர்கள், பொதி வாங்குவோரின் படங்களைக் கேட்கிறார்கள். முகநூலில் போடலாமா?
- இளைஞர் ஒருவர், பாலையூற்று

பதில்: வேண்டாம். 2004 டிசம்பர் 26இல், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், கடல் பொங்கி வந்தபின் நம் கரையோர மக்கள் எத்தனை வரிசைகளில் கையேந்தி நின்றார்கள் என்பதை உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள். தருமம் செய்யும்போது வலக் கை செய்வது இடக் கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற ஆண்டவரின் சொல் கொடுப்பவரின் பெருமையை அடக்குவதோடு, வாங்குபவரின் மானத்தையும் காக்கிறது. ஆனாலும் கணக்குக் கேட்க அந்த நண்பர்களுக்கு உரிமை உண்டு. எருசலேமில் வாடியவர்களுக்காகத் திரட்டிய நன்கொடையைப் பற்றி எவரும் குறை சொல்லாதபடி, சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரையும் பவுல் தம்மோடு சேர்த்துக்கொண்டதை 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கடைப் பற்றுச்சீட்டுகள், கட்டி அடுக்கிய பொதிகளின் படம், பெற்ற குடும்பங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பங்குத்தந்தையின் கையொப்பத்தோடு அனுப்புங்கள். முகங்கள் தெரியும் படம் எதையாவது ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்களும் முகநூல் பார்ப்பவர்கள்தாம்.