கை மரத்துப்போகிறதா? வாசகர் கடிதங்களுக்கு டாக்டரின் பதில்

கை மரத்துப்போவதைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒருவருக்குச் சொல்லும் பதிலில் இன்னொருவருக்கும் வேண்டியது இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் படித்துவிடுங்கள்.

சயாமா (டாக்டரம்மா), எனக்கு வயது 46. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் பச்சை லுங்கியும் வெள்ளைச் சட்டையும் மூட்டை மூட்டையாக வரும், அப்போது ராத்திரியும் உட்கார்ந்து தைப்பேன். இந்த வருஷம் அந்த வேலை முடிந்த பிறகு வலது கையில் மதமதப்பு ஆரம்பித்தது. நடு ராத்திரி எரிச்சலோடு விழிப்பு வருகிறது, கையை உதறினால் கொஞ்சம் அடங்குகிறது. பகலில் கத்தரிக்கோல் பிடிக்கும்போது மட்டும் மரக்கிறது. பி வைட்டமின் ஊசி போட்டுப் பார்த்தேன், பலன் இல்லை. இப்போது ஒரு டாக்டர் கார்ப்பல் டனல் என்று சொல்லி, ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். நரம்பில் கத்தி வைத்தால் கை விளங்காமல் போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?
– தையல் வேலை செய்யும் வாசகி, ரங்கூன்

தங்கச்சி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். இந்த ஆபரேஷனில் நரம்பை வெட்டுவதே கிடையாது. மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகளுக்கு நடுவே ஒரு குறுகலான வழி இருக்கிறது, கார்ப்பல் டனல் என்பது அதுதான். விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. மேலே கூரையாக ஒரு கெட்டியான தசைநார்ப் பட்டை. உள்ளே வீக்கம் வந்து இடம் குறைந்தால் அந்தப் பட்டை விலகிக் கொடுக்காது, நரம்புதான் நசுங்கும். ஆபரேஷனில் வெட்டுவது அந்தப் பட்டையைத்தான், அதுவும் நரம்புக்கு இடம் கொடுப்பதற்காக. தொண்ணூறு வருஷத்துக்கு மேலாக உலகமெங்கும் செய்துவருகிற சிகிச்சை இது. எந்த ஆபரேஷனிலும் இருப்பதுபோல இதிலும் தப்பு நடக்கலாம், ஆனால் அது அபூர்வம்.

அதற்காக நீங்கள் நாளைக்கே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவைதான் மரக்கின்றனவா என்று கவனியுங்கள். சுண்டுவிரல் நன்றாக இருந்தால் டாக்டர் சொன்னது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க, மணிக்கட்டை மடித்து ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள். அதற்குள் அந்த விரல்களில் மதமதப்பு வந்தால் சந்தேகம் இன்னும் பலமாகும். அமெரிக்க மருத்துவர் ஃபேலன் சொல்லிக்கொடுத்த பரிசோதனை இது, இன்றைக்கும் நாங்கள் செய்கிறோம். இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, தேவைப்பட்டால் நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளக்கிற டெஸ்ட் இருக்கிறது.

பகலில் விரல்களில் உணர்ச்சி நன்றாக இருந்து, ராத்திரியும் கத்தரிக்கோல் பிடிக்கும்போதும் மட்டும் மரத்தால், முதலில் மணிக்கட்டுக்கு வெளியே கட்டுகிற பட்டைதான். ராத்திரி ஏன் அதிகமாகிறது என்றால், தூக்கத்தில் நாம் அறியாமல் மணிக்கட்டை மடக்கித் தலைக்கடியிலோ கன்னத்துக்கடியிலோ வைத்துக்கொள்கிறோம், மடங்கிய மணிக்கட்டில் அழுத்தம் ஏறிவிடுகிறது. ஸ்பிளிண்ட் என்று மருந்துக்கடைகளில் விற்கும் பட்டையைப் படுக்கும்போது கட்டிக்கொள்ளுங்கள். இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பட்டைக்குள் ஒரு தகடு இருக்கும், கடையில் வாங்கும்போது பெரும்பாலும் அது கையை மேல்நோக்கி வளைப்பதுபோல இருக்கும். அதை வெளியே உருவி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நேராக்கிவிட்டு மறுபடி செருகுங்கள். மணிக்கட்டு மேலேயும் கீழேயும் வளையாமல், முன்கையும் உள்ளங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். விரல்கள் முழுதாக மடங்க வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள், இறுக்கிக் கட்டினால் அதுவே நரம்பை அழுத்தும். ஊரில் பட்டை கிடைக்காதவர்கள் ஓர் அடி ஸ்கேலில் மெத்தென்று துணி சுற்றி, முன்கையின் உள்பக்கத்திலிருந்து உள்ளங்கை வரை வைத்து, கிரேப் பேண்டேஜால் சுற்றிக்கொள்ளலாம். மூன்று நாள் கட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று கழற்றிப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஆறு வாரமாவது விடாமல் கட்டுங்கள்.

அப்புறம் வேலை. தைக்காமல் இருங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், உங்கள் அடுப்பு எரிய வேண்டும். கத்தரிக்கோலைத் தீட்டி வையுங்கள், மொண்ணைக் கத்தரிக்கோலை அழுத்துகிற அழுத்தம்தான் கையைக் கெடுக்கிறது. பத்து மடிப்புத் துணியை ஒரே வெட்டில் வெட்டாமல் பாதிப் பாதியாக வெட்டுங்கள். தையலையும் வெட்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், அடிக்கடி நிறுத்தி விரல்களை நீட்டி மடக்குங்கள். கரண்ட் போன ராத்திரியில் விசிறியை இடது கைக்கு மாற்றுங்கள். முகத்தில் பூசும் தனாக்கா அரைக்கும்போது கட்டையை விரல் நுனியால் இறுக்கிப் பிடித்து மணிக்கட்டைச் சுழற்றாமல், முழங்கையும் தோளும் சேர்ந்து நகரும்படி அரையுங்கள், அல்லது அரைக்கிற வேலையை மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

ஊசியை நிறுத்திவிடுங்கள். பி வைட்டமின் குறைவால் வரும் நரம்புக் கோளாறு வேறு, அது பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் ஆரம்பிக்கும். நசுங்கிய நரம்பை வைட்டமின் விடுவிக்காது. பி6-ஐ அதிக அளவில் ரொம்ப நாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும், இது பலருக்குத் தெரிவதில்லை. கடையில் பெயர் இல்லாமல் கலந்து கட்டிக் கொடுக்கிற மாத்திரைப் பொட்டலமும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலி மாயமாகக் குறையும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், வயிறு புண்ணாகும். இந்தப் பொட்டலங்களை நம்பி வருஷக்கணக்கில் கையைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெண்களுக்கு, அதுவும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, இந்த நோய் அதிகம் வருகிறது. தைராய்டு குறைந்திருந்தால் அதற்கு மாத்திரை எடுத்தாலே கை தேறுகிறவர்கள் உண்டு. ஆறு வாரம் கட்டியும் குறையவில்லை என்றால், மணிக்கட்டுக்குள் டாக்டரே போடுகிற ஸ்டீராய்டு ஊசி ஒரு வழி. கடைப் பொட்டலம் மாதிரி இல்லை இது, குறைந்த அளவு மருந்து, வேண்டிய இடத்தில் மட்டும். சில மாதம் நல்ல நிம்மதி தரும், பலருக்குத் திரும்பி வரும்.

அதற்கும் மசியாவிட்டால் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், தயங்காதீர்கள். கையை மட்டும் மரக்கவைத்து, பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் நாளிலிருந்தே விரல்களை ஆட்ட வேண்டும். பத்து முதல் பதினாலு நாளில் தையல் பிரிப்பார்கள். ராத்திரி எரிச்சல் பலருக்குச் சில நாளிலேயே போய்விடும். ஆனால் உள்ளங்கையை ஊன்றி எழுந்தால் வலிப்பதும் பிடி பலமில்லாமல் இருப்பதும் இரண்டு மூன்று மாதம்கூட இருக்கும், அதை முன்னாலேயே தெரிந்துகொண்டால் பயம் வராது. கத்தரிக்கோல் பிடிக்க ஆறு வாரமாவது ஆகும் என்று கணக்கு வையுங்கள். பள்ளிச் சீருடை வேலை வருவதற்கு ரொம்ப முன்னாலேயே நாள் குறியுங்கள். தண்ணீர் ஊற்றி விளையாடும் திஞ்சான் புத்தாண்டுச் சமயத்தில் வேண்டாம், தையல் போட்ட கையை நனைக்காமல் இருக்க அந்த நாட்களில் யாராலும் முடியாது.

உங்கள் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கட்டைவிரல் தசை இளைத்திருக்கிறதா, நரம்பு டெஸ்டில் பாதிப்பு எவ்வளவு என்று வந்தது? தசை இளைக்க ஆரம்பித்துவிட்டது என்று அவர் சொன்னால், நான் மேலே சொன்ன ஆறு வாரக் காத்திருப்பு உங்களுக்குப் பொருந்தாது. அவர் சொல்கிறபடி சீக்கிரம் செய்துகொள்ளுங்கள்.

டாக்டரம்மா, நான் ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு கையும் வீங்கின மாதிரி இருக்கிறது, காலையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, விரல்கள் மரக்கின்றன. பிள்ளைக்கு ஏதும் ஆகுமா? மாமியார் உப்பை நிறுத்தச் சொல்கிறார்.
– வாசகி, மோல்மீன்

பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, கவலைப்படாதே அம்மா. கர்ப்பத்தில் உடம்பில் நீர் கோப்பதால் மணிக்கட்டில் அந்தக் குறுகலான வழி இறுகி இதே தொல்லை வரும், பெரும்பாலும் கடைசி மாதங்களில். பிரசவம் ஆன சில வாரங்களில் அல்லது மாதங்களில் பலருக்குத் தானாகப் போய்விடும். மேலே சொன்ன பட்டையை இரண்டு கைக்கும் ராத்திரி கட்டிக்கொள், கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படு. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரும்போது கம்பியை இறுக்கிப் பிடிக்கிற பயணங்களைக் குறைத்துக்கொள். உப்பை நிறுத்துவதால் இது தீராது. ஆனால் முகமும் சேர்ந்து வீங்கினாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, அது ரத்த அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

வணக்கம். எனக்கு 29 வயது. இடது கை சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்தே இருக்கின்றன. ஃபோனில் பார்த்து கார்ப்பல் டனல் என்று நினைத்துப் பட்டை வாங்கிக் கட்டினேன், பலனில்லை. முன்கையில் ஒரு இடத்தில் தோல் வெளுத்திருக்கிறது, அங்கே கொசு கடித்தால்கூடத் தெரியவில்லை.
– வாசகர், பெகு

தம்பி, கடைசி வரியை எழுதினீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு, அது முழங்கையின் உள்பக்கம் எலும்பை ஒட்டிப் போகிறது. முழங்கையை மேசையில் ஊன்றியே இருப்பவர்களுக்கும், மடக்கியபடி மணிக்கணக்கில் ஃபோன் பேசுகிறவர்களுக்கும் அது நசுங்கும். ஆனால் வெளுத்த, உணர்ச்சியில்லாத தோலும் சேர்ந்திருந்தால் முதலில் தொழுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து 2003-இல் நம் மியன்மார் இறக்கியது உண்மைதான், ஆனால் நோய் முழுதாகப் போய்விடவில்லை, புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பயமும் வேண்டாம், வெட்கமும் வேண்டாம். மருந்து இலவசம், ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் குணமாகும், ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவாது. தாமதித்தால்தான் விரல் மடங்கிப் போகும். இந்த வாரமே டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த இடத்தைக் காட்டுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் கொசு கடி தெரியாததை நீங்களாகச் சொல்லுங்கள்.

டாக்டர், அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. டீக்கடையில் பல வருஷம் கைவேலை. வலது கை மரப்பும் வலியும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது வலி நின்றுவிட்டது. ஆனால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கட்டைவிரலுக்குக் கீழே சதை குழிந்திருக்கிறது. வலி இல்லாததால் ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறார்.
– மகள், ரங்கூன்

இந்தக் கடிதம்தான் என்னை ரொம்பக் கவலைப்பட வைத்தது. வலி நின்றது குணமானதால் இல்லை அம்மா, வலியைச் சொல்கிற நரம்பே சோர்ந்துவிட்டதால். கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவருகிற தசைக்கும் அதே நரம்புதான் போகிறது, அந்தத் தசை இளைத்ததால்தான் குழி விழுந்திருக்கிறது, பொத்தானும் போட முடியவில்லை. பட்டை, ஊசி என்று நாள் கடத்துகிற கட்டம் தாண்டிவிட்டது. கை அறுவை செய்கிற எலும்பு டாக்டரிடம் உடனே கூட்டிப்போங்கள்.

ஆபரேஷன் செய்தாலும் இளைத்த சதை முழுதாகத் திரும்பும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. நரம்பு வளர்வது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குத்தான், வயதும் சர்க்கரையும் அதை இன்னும் மெதுவாக்கும். ஆனால் இருக்கிற உணர்ச்சியைக் காப்பாற்றலாம், பலருக்கு இன்னும் கொஞ்சம் கூடவும் கூடும். சர்க்கரை ரொம்ப ஏறியிருந்தால் புண் ஆறாது என்பதால் அதை முதலில் கட்டுக்குக் கொண்டுவருவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்பா மறுத்தால், கண்ணை மூடச் சொல்லி ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பஞ்சால் தொட்டுவிட்டு, தொட்டேனா இல்லையா என்று கேளுங்கள், சுண்டுவிரலிலும் அதையே செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கே புரிந்துவிடும்.

அதுவரை சூடான கெட்டிலையும் டீ காய்ச்சுகிற பாத்திரத்தையும் அவர் வலது கையால் தொட வேண்டாம். உணர்ச்சி இல்லாத விரல் சுட்டால் தெரியாது, சர்க்கரைக்காரருக்கு அந்தக் கொப்புளம் புண்ணாக ரொம்ப நேரம் ஆகாது. ராத்திரி படுக்கும் முன் அவர் விரல்களை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.