அந்த வக்கீல் யாருக்கு வக்கீல்?

கேள்வி: என் தம்பி ராணுவத்தில் நாயக். லீவு முடிந்து 40 நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தான். கோர்ட் மார்ஷல் என்கிறார்கள். ராணுவத்திலேயே வக்கீல்கள் இருக்கிறார்களாமே, இவனுக்காக வாதாடுவார்களா மேடம்?
- பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்

பதில்: மாட்டார்கள், தங்கச்சி. பரங்கிமலையில் பயிற்சி முடித்து 14 வருடம் அந்த ஜாக் பிரிவில், அதாவது ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் என்னும் ராணுவச் சட்டப் பிரிவில், இருந்தவள் நான். பெரிய வழக்கை விசாரிக்கும் ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 5 அதிகாரிகள் உட்காருவார்கள். அவர்கள் சட்டம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. அதனால்தான் அங்கே ஒரு ஜட்ஜ் அட்வகேட், அதாவது சட்டம் எடுத்துச் சொல்பவர், கட்டாயம் என்கிறது 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம். எந்தச் சாட்சியம் செல்லும், எது செல்லாது என்று அவர் எடுத்துச் சொல்வார். ஓட்டு கிடையாது. எந்தப் பக்கமும் சாயக் கூடாது.

தம்பிக்கு அநேகமாக சம்மரி கோர்ட் மார்ஷல்தான் வைப்பார்கள். அதில் சி.ஓ., அதாவது யூனிட்டின் தலைமை அதிகாரி, ஒருவரே நீதிபதி. அவர் லெப்டினென்ட் கர்னலோ அதற்கு மேலோ என்றால் ஓராண்டு வரை சிறை கொடுக்கலாம், வேலையும் போகலாம். துணைக்கு வெளி வக்கீலை வைத்துக்கொள்ளலாம். அவர் தம்பிக்கு யோசனை சொல்லலாமே தவிர, சாட்சியை விசாரிக்க முடியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த வழக்குக் கட்டு, கமாண்ட் தலைமையகத்தில் உள்ள எங்கள் பிரிவு அதிகாரியான டெபுடி ஜாக் வழியாக மேலே போகும். அப்படி வந்த கட்டுகள் எத்தனையோ படித்திருக்கிறேன். 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்று இருக்கும். ஏன் தாமதமானது என்று ஒரு வரி இருக்காது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தது பிறகு மனுவில்தான் தெரியவரும். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

1987-இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கில், ஒரு சிப்பாய் எந்த அதிகாரிமேல் புகார் கொடுத்தாரோ அவரே விசாரணையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட மறுத்ததற்கு ஓராண்டு சிறையும் வேலைநீக்கமும். உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சி.ஓ.வோடு தம்பிக்கு முன்பே தகராறு உண்டா? அதை எழுதியே கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிச் சீட்டு, யூனிட்டுக்குப் போன் செய்த விவரம், எல்லாவற்றையும் இன்றே அனுப்புங்கள். குற்றச்சாட்டைத் தெரிவித்து 96 மணி நேரமாவது (ஆக்டிவ் சர்வீஸில், அதாவது போர்க்களப் பணி போன்றவற்றில், 24) ஆன பிறகுதான் விசாரணை தொடங்கலாம். அதற்குள் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். தண்டனை வந்தால் அதே ராணுவச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் மனு, அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அதன் கிளை இருக்கிறது. விசாரணைப் பதிவின் நகலை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.