யாளி முகம் வைத்த பாஸ் கிட்டார்: செய்யலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் 11 வருடமாக பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். எனக்கென்று தனியாக ஒரு பாஸ் செய்துகொள்ள மூன்று வருடமாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். தஞ்சாவூர் வீணை மாதிரி பலா மரத்தில் உடல், ஹெட்ஸ்டாக்கில் (கிட்டாரின் தலைப் பகுதியில்) யாளி முகம். இதுதான் ஆசை. வீணை செய்யும் ஆசாரி ஒருவரும் கிட்டார் ரிப்பேர் பார்க்கும் நண்பர் ஒருவரும் சேர்ந்து செய்து தருவதாகச் சொல்கிறார்கள். வரைந்த படத்தை பாஸ் வாசிக்கும் நண்பர்களிடம் காட்டினேன். டீக்கடையில் பெரிய சண்டையே வந்துவிட்டது. "கோயில் வாகனம் மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். "பாஸ் என்றால் ஃபெண்டர் மாதிரி இருக்கணும், மற்றதெல்லாம் வேஷம்" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் மட்டும் அருமை என்றார்கள். இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நண்பர்கள் எல்லோரும் படம் எப்படி இருக்கிறது என்று பேசியிருக்கிறார்கள். தோளில் மாட்டினால் அது எப்படித் தொங்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு முதலில் வந்த கேள்வி அதுதான்.

"ஃபெண்டர் மாதிரி இருக்கணும்" என்ற நண்பரின் பேச்சை முதலில் பார்த்துவிடலாம். 1951இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பாஸைக் கொண்டுவந்தபோது அதுவே விசித்திரமான பொருள்தான். அதுவரை பாஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பாஸ். அதைப் பலகை மாதிரி தோளில் மாட்டிக்கொள்வது புதிது. அதன் மேல் பக்கத்தில் நீண்டிருக்கும் கொம்பை அழகுக்கு வைத்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. பாஸின் தந்தி நீளம் 34 அங்குலம், நெக் என்கிற கழுத்துப் பகுதியும் நீளம், அதன் நுனியில் சுருதி சேர்க்கும் நான்கு பெரிய திருகுகள், அதாவது ட்யூனிங் கீ. அந்தக் கனத்தைத் தாங்க, தோள் பட்டையை மாட்டும் ஸ்ட்ராப் பட்டன் எவ்வளவு முன்னால் வருகிறதோ அவ்வளவு நல்லது. கொம்பின் நுனி ஏறக்குறைய 12ஆம் ஃப்ரெட்டுக்கு (நெக்கில் பதித்த உலோக மெட்டுக்கு) நேராக வந்து நிற்பது அதற்காகத்தான். அந்த உருவத்தை இன்றுவரை எல்லோரும் பின்பற்றுவதற்கும் அது ஒரு பெரிய காரணம்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பாஸுக்கு வயலின் உருவம். அவர் இடது கைக்காரர். வலது கைக்காரருக்குச் செய்த கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் கொம்புகள் தலைகீழாகி கோணலாகத் தெரியும். வயலின் உருவம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் அந்தத் தொந்தரவு இல்லை, அதனால் பிடித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். விலையும் குறைவு. உடல் உள்ளே கூடு என்பதால் கனமும் குறைவு. இன்று அந்த உருவத்தைப் பார்த்தாலே பீட்டில்ஸ் என்கிறோம்.

நெட் ஸ்டைன்பெர்கர் கதை இன்னும் உங்களுக்குப் பொருந்தும். அவர் மேசை நாற்காலி வடிவமைத்தவர். 1977இல் அவர் ஸ்பெக்டர் என்ற கிட்டார் கம்பெனிக்காக வரைந்த பாஸின் உடல் முதுகுப் பக்கம் வளைந்து, வாசிப்பவரின் வயிற்றோடு ஒட்டி உட்காரும். அதற்குப் பிறகு தலையையே எடுத்துவிட்டார். கார்பன் ஃபைபரில் நெக், அதன் முடிவில் சின்னப் பெட்டி மாதிரி உடல், ட்யூனிங் கீ எல்லாம் உடலில் தந்தி முடியும் பிரிட்ஜ் பக்கம். பார்த்தால் படகுத் துடுப்பு நினைவுக்கு வரும். ஆனால் 1981இன் சிறந்த வடிவமைப்புகளில் ஒன்றாக டைம் இதழ் அதைச் சொன்னது, 80களில் மேடை மேடையாக அது நின்றது. ஒரு தொல்லையை எங்கே தீர்ப்பது என்று யோசித்துப் பார்த்து வந்த உருவம் அது.

அழகுக்காகவே பிறந்தவையும் உண்டு. அமெரிக்க ஃபங்க் இசைக்காரர் பூட்ஸி காலின்ஸின் நட்சத்திர பாஸைச் சொல்லலாம். அவருடைய நட்சத்திரக் கண்ணாடி, உடுப்பு, மேடை எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தால் அது அவருக்கு அப்படியே பொருந்தியது. கிப்ஸன் கம்பெனியின் தண்டர்பேர்ட் பாஸ் 1963இல் வந்தது. வரைந்தவர் ரேமண்ட் டீட்ரிக், கார் வடிவமைத்தவர். அதன் தலை கீழே சாயும் என்று வாசிப்பவர்கள் சொல்வது வழக்கம். இருந்தாலும் அந்த அழகுக்காக மாட்டிக்கொண்டு வாசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்து எடுத்த முடிவு அது.

தெரியாமல் எடுத்தவன் நான். 20 வருடத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு பாஸ் இருந்தது, சிறகு விரித்த மாதிரி உடல். கடையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்து, மயங்கி வாங்கிவிட்டேன். ஒரு கல்யாண வரவேற்பில் இரண்டு பாட்டுக்கு நடுவே நெற்றி வியர்வையைத் துடைக்க இடது கையை எடுத்தேன். ஹெட்ஸ்டாக் சரிந்து போய் மைக் ஸ்டாண்டில் இடித்தது. ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. அன்றிலிருந்து இடது கையால் நெக்கைத் தாங்கிக்கொண்டே வாசித்தேன். மூன்று மணி நேரக் கச்சேரி முடிந்தால் கட்டைவிரல் அடியில் தொடங்கி முழங்கை வரை வலிக்கும். அகலமான தோல் ஸ்ட்ராப் போட்டேன், பின்பக்கம் ஈயக் கட்டி ஒட்டினேன். ஏழு மாதத்தில் விற்றுவிட்டேன். பார்ப்பதற்கு விசித்திரமாக இருப்பது நாளாக ஆகப் பழகிவிடும். பாஸின் தலை சாய்வது பழகவே பழகாது.

இப்போது உங்கள் யாளிக்கு வருகிறேன். வீணையில் யாளி ஏன் அங்கே உட்கார முடிகிறது என்று உங்கள் ஆசாரியிடம் கேளுங்கள். வீணையை யாரும் தோளில் மாட்டுவதில்லை. குடம் தரையிலோ வலது மடிப் பக்கமோ இருக்கும். யாளிப் பக்கத்துக் கனத்தை இடது தொடைமேல் உட்காரும் சுரைக்காய் தாங்கிக்கொள்கிறது. அந்தச் சுரைக்காய் உங்கள் பாஸில் இல்லை. அந்தக் காலத்தில் எடை போட்ட வெள்ளிக்கோலில் நீண்ட காம்பின் நுனியில் சின்ன எடை போதும், இந்தப் பக்கம் பெரிய மூட்டையே நிற்கும். ஹெட்ஸ்டாக்கும் அப்படித்தான். சாதாரண பாஸ் ட்யூனிங் கீ ஒன்று சுமார் 100 கிராம் இருக்கும். அதற்கு மேல் ஒரு பலா யாளி அரைக் கிலோ ஏறினால் உங்கள் இடது கைதான் சுரைக்காயாக இருக்க வேண்டும்.

அதனால் யாளியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இடத்தை மாற்றுங்கள். மேல் கொம்பு நீண்டு முன்னால் வர வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கொம்பையே யாளியின் கழுத்தாகச் செதுக்குங்கள். முகம் 12ஆம் ஃப்ரெட் பக்கம் முன்னோக்கிப் பார்க்கும், ஸ்ட்ராப் பட்டன் அதன் பிடரியில். கனம் சரியான இடத்தில் விழும், முகமும் மேடையிலிருந்து நன்றாகத் தெரியும். ஹெட்ஸ்டாக்கைச் சின்னதாக வைத்துக்கொள்ளலாம், அல்லது ஸ்டைன்பெர்கர் மாதிரி எடுத்தே விடலாம். இல்லை, வீணை மாதிரி நுனியில்தான் வேண்டும் என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், குமிழ் மரம் போன்ற லேசான மரத்தில் செதுக்கச் சொல்லுங்கள். ட்யூனிங் கீயும் லேசான வகையாக வாங்குங்கள், பாதி எடைக்குக் கிடைக்கும். எனக்குக் கொம்பு யாளிதான் பிடித்திருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன்.

எதுவானாலும் மரத்தில் கை வைக்கும் முன் பிளைவுட்டில் முழு அளவில் ஒன்றை வெட்டுங்கள். உடல் பக்கம் இரண்டு மூன்று சர்க்கரைப் பொட்டலம், தலைப் பக்கம் நிஜ ட்யூனிங் கீகளோடு யாளியின் எடைக்கு ஏதாவது. நெக்குக்கு ஒரு ரீப்பர் கட்டை. ஸ்ட்ராப் போட்டு மாட்டி, இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். தலை அப்படியே நிற்கிறதா, மெல்ல இறங்குகிறதா? உட்கார்ந்தும் பாருங்கள், தொடையில் நழுவுகிறதா என்று. கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

பலா பற்றி ஒன்று. ஆல்டர் மாதிரி கிட்டார் மரங்களைவிட அது கனம். உடலைக் குடைந்து லேசாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நிறையக் குடைந்தால் உடல் லேசாகி, தலை மறுபடியும் கீழே போகும். தோள் தாங்கும் அளவுக்குக் குடைந்தால் போதும். நெக்கைக் கிட்டார் நண்பரிடமே விடுங்கள். நான்கு தந்தியும் சேர்ந்து சுமார் 75 கிலோ விசையில் இழுக்கும், நெக் வளையாமல் இருக்க உள்ளே ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பி வேண்டும். வீணையில் மெழுகின் மேல் பதித்த மெட்டை நகர்த்திச் சரிசெய்யலாம், கிட்டார் ஃப்ரெட்டை அப்படி நகர்த்த முடியாது. செதுக்கு வேலை, மெருகு, மரத்தேர்வு எல்லாம் ஆசாரி கையில் இருக்கட்டும்.

உருவம் மாறினால் சத்தம் கெடும் என்று யாராவது பயமுறுத்தினால் கவலைப்பட வேண்டாம். கட்டை உடல் எலெக்ட்ரிக் பாஸில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்), அது உட்காரும் இடம், தந்தி, உங்கள் விரல், இவற்றுக்கு முன்னால் உருவத்தின் பங்கு சின்னது. ஆனால் இரண்டு செலவு உண்டு. இந்த பாஸுக்கு ரெடிமேட் பெட்டி பொருந்தாது, அதையும் செய்யத்தான் வேண்டும். குழு வேனில் ராத்திரி சாமான் ஏற்றும்போது முதலில் உடைவது யாளியின் காதும் நாக்கும்தான், அவற்றைத் தடிமனாக விடச் சொல்லுங்கள். அப்புறம், நாளைக்கு விற்க நினைத்தால் போட்ட பணம் திரும்பாது. உங்களுக்காகச் செய்தது இன்னொருவருக்குப் பொருந்துவது அபூர்வம். வீட்டில் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

கோயில் வாகனம் என்று சொன்ன நண்பரிடமும் அந்தப் பிளைவுட்டை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அழகு பற்றி அவர் சொன்னது அவர் ரசனை, அதில் நீங்கள் தோற்கவும் இல்லை ஜெயிக்கவும் இல்லை. ஆனால் 11 வருடம் வாசித்த உங்கள் தோளைப் போல அவருக்கும் தோள் இருக்கிறது. எங்கே இழுக்கிறது, எங்கே அழுத்துகிறது என்று அவர் சொன்னால் அதைப் பென்சிலால் அந்தப் பலகையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிகளோடு பலகையை ஆசாரியிடம் கொண்டுபோங்கள். மரம் நன்றாகக் காய்ந்ததா என்று மட்டும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.