'கணக்கில் இடம் இருக்கிறதா?'

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். வயது 33. கொள்கலன் கிடங்கில் வேலை; பிடித்தம் போகக் கைக்கு வருவது 14,500 ராண்ட். ஓட்டக் குழு ஒன்றில் சேர்ந்து காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறேன். பள்ளி நாட்களில் வாங்க முடியாமல் ஏங்கிய ஓட்டக் காலணிகள் இப்போது மறுபடி வெளிவருகின்றன: ஏசிக்ஸ் ஜெல்-கயானோ 14, நியூ பேலன்ஸ் 2002 போன்றவை. ஜோடி 2,800 ராண்ட் வீதம் ஓராண்டில் ஆறு ஜோடி கடைக் கணக்கில், கடனாக வாங்கினேன். அதில் இரண்டு அக்கா மகனுக்கு. இரண்டு கடைகளிலும் சேர்த்து 20,000 ராண்ட் பாக்கி. மாதம் 1,900 தவறாமல் கட்டியும், போன ஆண்டு இருந்த அதே தொகை இன்றும் நிற்கிறது. ஒரு நிறுவனம் 20,000 ராண்ட் கடன் தருகிறேன் என்கிறது; 36 மாதம், மாதம் 1,020. வாங்கி எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா? பிரிக்காமல் வைத்திருக்கும் இரண்டு ஜோடிகள் பின்னால் நல்ல விலைக்குப் போகும் என்கிறார்களே, வைத்திருக்கலாமா? இதற்கிடையில் அத்தான், "கணக்கில் இடம் இருக்கிறதா?" என்று மறுபடியும் கேட்டிருக்கிறார்.

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளையும்விட, உங்கள் அத்தான் கேட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. கடன் வரம்பில் இன்னும் மீதமிருப்பதைச் சொல்லும் அந்த 'இடம்' என்ற சொல் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். தவணை கட்டுகிறீர்கள், கணக்கில் கொஞ்சம் இடம் விழுகிறது, கடையிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது, அடுத்த ஜோடி வீட்டுக்கு வருகிறது. பாக்கி ஏன் குறையவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கணக்கை நீங்களே பாருங்கள். ஆண்டு வட்டி 21 சதவீதம் என்று வைத்தால், 20,000க்கு மாதம் 350 ராண்ட். இரண்டு கணக்குகளின் சேவைக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து ஒரு 150. ஆக, நீங்கள் கட்டும் 1,900இல் 500 அப்படியே போய்விடுகிறது. கடனில் கழிவது 1,400. இரண்டு மாதத்துக்கு 2,800. ஒரு ஜோடியின் விலையும் அதுதான். ஓராண்டில் 22,800 ராண்ட் கட்டினீர்கள். அதில் 6,000 வட்டிக்கும் கட்டணத்துக்கும் போனது. இரண்டு ஜோடி காலணியின் விலை, ஒரு காலிலும் ஏறாமலே போய்விட்டது.

இப்போது புதிய கடன். 1,020ஐ 36ஆல் பெருக்குங்கள்: 36,720 ராண்ட். அதை வாங்காமல், இப்போது கட்டும் அதே 1,900ஐக் கட்டிக்கொண்டு, புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தால் ஏறக்குறைய 13 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். மொத்தம் சுமார் 24,500 ராண்ட்தான் ஆகும். அந்தக் கடனை வாங்கினால் 12,000 ராண்ட் கூடுதலாகக் கொடுப்பீர்கள். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கடைக் கணக்குகள் இரண்டும் காலியாகி, 20,000 ராண்ட் 'இடத்துடன்' திறந்தே கிடக்கும். இப்படிக் கடனை ஒன்றாக்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஓராண்டுக்குள் புதிய கடனும் பழைய கணக்குமாக இரண்டு சுமையோடு திரும்பி வருகிறார்கள். வேண்டாம்.

வட்டியே இல்லாமல் மூன்று தவணையில் வாங்கச் சொல்லும் புதிய செயலிகளிலும் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். தவணை தவறாவிட்டால் வட்டி இல்லை என்பது உண்மைதான். ஆனால் 2,800ஐ 930 போலக் காட்டும் எதுவும் இன்றைய உங்கள் நிலையில் உதவாது.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம், பிரிவு 118, உங்கள் கடன் வரம்பைக் குறைக்கச் சொல்லும் உரிமையை உங்களுக்கே தருகிறது. எழுத்தில் கேட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கடைகளுக்கும், வரம்பை இன்றைய பாக்கி அளவுக்குக் குறைக்கும்படி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து, குறைந்திருக்கும் பாக்கிக்கு ஏற்ப இன்னொரு முறை எழுதுங்கள். வரம்பைத் தானாக உயர்த்த வேண்டாம், விளம்பரச் செய்தி அனுப்ப வேண்டாம் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். மன உறுதியை நம்பி உட்காருவதைவிட இது மேல். அத்தான் கேட்கும்போது "இடம் இல்லை" என்று நீங்கள் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

பிரிக்காத ஜோடிகளை உடனே விற்றுவிடுங்கள். கயானோ 14 முதலில் வந்தது 2008இல். நிறுவனம் அதை மறுபடி செய்து விற்கிறது என்றால், நாளைக்கும் செய்யலாம், வேறு நிறத்திலும் செய்யலாம். கேட்பவர்கள் கூடும்போதெல்லாம் சரக்கையும் கூட்டக்கூடிய பொருளைப் பெட்டியில் வைத்துக் காப்பது சேமிப்பு ஆகாது. போதாததற்கு, காலணியின் அடியில் இருக்கும் நுரை பெட்டிக்குள்ளும் மூப்படையும். பாலியூரித்தேன் நுரையாக இருந்தால் காற்றிலுள்ள ஈரமே அதை மெல்ல உதிர்த்துவிடும். நம் டர்பன் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? இரண்டும் சேர்த்து 4,000 ராண்ட் கிடைத்தாலும் நேராகப் பாக்கியில் கட்டுங்கள். 13 மாதம் பத்தாகக் குறையும்.

காம்ரேட்ஸ் பயிற்சிக்கு நல்ல காலணி வேண்டும், மறுக்கவில்லை. பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டரை 12 மணி நேரத்துக்குள் ஓடுபவர் காலில் கஞ்சத்தனம் செய்யக் கூடாது. ஆனால் அதற்கு 2008இன் மாதிரி எதற்கு? கயானோ வரிசை 2025இலேயே 32ஐ எட்டிவிட்டது. புதிய எண் வரும்போது முந்தைய எண்ணின் விலை இறங்கும். அதை ரொக்கத்துக்கு வாங்குங்கள். பழைய மாதிரி மேல் உள்ள ஆசை எனக்குப் புரிகிறது. பதினைந்து வயதில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது எளிதில் போகாது. கடன் தீர்ந்தபின் ஒரே ஒரு ஜோடியை லே-பையில் போடுங்கள். என் அம்மா எங்கள் தீபாவளித் துணியெல்லாம் கிரே தெருக் கடையில் அப்படித்தான் எடுத்தார். பொருள் கடையில் இருக்கும், பணம் முழுதும் கட்டிய பிறகுதான் கைக்கு வரும். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு.

அத்தானிடம் பேசுவதுதான் கடினம். தாய்மாமன் செய்யாமல் வேறு யார் செய்வது என்று கேட்பார்கள். செய்ய வேண்டியதுதான். நம் வீடுகளில் தாய்மாமன் சீர் என்பது கையில் இருப்பதைக் கொடுப்பது. கடையில் கடன் சொல்லிக் கொடுப்பது அல்ல. மருமகன் பிறந்தநாளுக்கென்று இன்றிலிருந்து மாதம் 100 ராண்ட் தனியாக எடுத்து வையுங்கள், உங்களால் ஆனது அவ்வளவுதான் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. தவணை தவறினால் கடன் பதிவேட்டில் கெடுவதும் உங்கள் பெயர்தான். அக்காவை நடுவில் நிறுத்தாதீர்கள், அவர் இரண்டு பக்கமும் நொந்துபோவார். இரண்டு கடைகளின் இந்த மாத அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய், அத்தானோடு தனியாக உட்கார்ந்து, வட்டி எழுதியிருக்கும் வரியைக் காட்டுங்கள். அந்த 6,000 ராண்ட் கணக்கை அவரே கூட்டிப் பார்க்கட்டும்.