பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டவில்லை, நோட்டீஸ் வந்துவிட்டது

கேள்வி: மண்டபம் பக்கத்தில் நண்டுச் சதை எடுக்கும் சின்னக் கம்பெனி நடத்துகிறேன். 26 பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கிலோ கணக்கில்தான் கூலி. 2024 ஆகஸ்டிலிருந்து பதினொரு மாதம் பி.எஃப். கட்டவில்லை. அவர்கள் பங்கைக் கூலியில் பிடித்தேன், ஆனால் அது ஐஸுக்கும் கரண்ட் பில்லுக்கும் போய்விட்டது. சரக்கு எடுத்த ஏற்றுமதியாளர் பெரிய தொகை பாக்கி வைத்திருக்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானமும் இல்லை. இப்போது பாக்கி எவ்வளவு என்று நிர்ணயிக்கும் விசாரணைக்கு வரச் சொல்லி 7ஏ நோட்டீஸ் வந்திருக்கிறது. "விசாரணைக்குப் போகாதே, நான் பேசி முடிக்கிறேன்" என்று ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: விசாரணைக்குக் கட்டாயம் போங்கள். நீங்கள் போகாவிட்டால், கையில் இருப்பதை வைத்து அதிகாரி ஒருதலையாகத் தொகையை நிர்ணயித்துவிடுவார். அதை ரத்து செய்யக் கேட்க மூன்று மாத அவகாசம் உண்டு. ஆனால் வராததற்குச் சரியான காரணம் காட்ட வேண்டும். "ஏஜென்ட் சொன்னார்" என்பது காரணமாகாது. அவருக்குக் கொடுக்கும் பணம் பாக்கியில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது.

வருகைப் பதிவேடு, கூலிப் பதிவேடு, யார் எத்தனை கிலோ சதை எடுத்தார் என்று தினமும் எழுதுகிற நோட்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கிலோ கூலியும் சட்டப்படி சம்பளம்தான். அதைச் சொல்லி ஆள் கணக்கைக் குறைக்கப் பார்க்காதீர்கள். தடைக்காலத்தையும் அளவோடு சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகில் நண்டு வரும் என்பது அதிகாரிக்கும் தெரியும். 61 நாள் தடை பதினொரு மாதப் பாக்கிக்குப் பதிலாகாது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கூலியில் பிடித்த பணம்தான். முதலாளி பங்கைக் கட்டாமல் விடுவது ஒரு தவறு. தொழிலாளியிடம் பிடித்ததைக் கட்டாமல் விடுவது அதைவிடப் பெரிய குற்றம். பி.எஃப். சட்டத்தில் இதற்கு ஒன்று முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு. நம்பிக்கை மோசடி என்று போலீஸில் புகாரும் கொடுக்கலாம். நஷ்டத்தில் இருந்தேன் என்பது இதற்கு எதிர்வாதம் ஆகாது, ஏனென்றால் அது உங்கள் பணமே இல்லை. அந்தப் பெண்களில் ஒருவர் வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு வர வாய்ப்புண்டு. நீங்கள் கட்டாத மாதங்களால் அது இழுபறியாகலாம். இதை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

ஆகவே விசாரணைத் தேதிக்கு முன்பே கட்டத் தொடங்குங்கள். மொத்தமாக ஒரு தொகையைப் போடாமல், ஒவ்வொரு மாதத்துக்கும் முழுக் கணக்கைப் பதிவேற்றிச் சலான் எடுங்கள். அப்போதுதான் பணம் ஒவ்வொருவருடைய கணக்கிலும் ஏறும். பிடிக்காமல் விட்ட மாதம் ஏதாவது இருந்தால், அதை இப்போது கூலியில் கழிக்கக் கூடாது. அது உங்கள் தலையில்தான்.

தாமதத்துக்கு வட்டி வருடம் 12 சதவீதம். அதோடு 14பி என்ற சட்டப்பிரிவின்படி அபராதம் மாதத்துக்கு ஒரு சதவீதம். இந்த அபராத விகிதம் 2024 ஜூன் 14 முதல் அமலுக்கு வந்தது. ஒரு லட்சம் பாக்கியை ஒரு வருடம் வைத்திருந்தால் வட்டி 12,000, அபராதம் 12,000 என்று சேரும். அபராதத்துக்குத் தனி நோட்டீஸ் வரும், அதிலும் உங்கள் தரப்பைச் சொல்லலாம். ஆனால் வேண்டுமென்றே செய்யவில்லை என்ற வாதத்துக்கு 2022இல் உச்ச நீதிமன்றம் கதவடைத்துவிட்டது.

ஏற்றுமதியாளரின் பாக்கியைச் சும்மா விடாதீர்கள். சரக்கு கொடுத்தபோதே உங்களுக்கு உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்திருந்தால், 45 நாளைத் தாண்டிய பாக்கிக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கலாம். எங்கே மனு போடுவது என்பதை ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். அந்தப் பாக்கிக்கான பில்களை பி.எஃப். அதிகாரியிடமும் காட்டுங்கள். வசூல் நடவடிக்கை வரை போனால், ஏற்றுமதியாளரிடமிருந்தே நேரடியாக வாங்க அவருக்கு அதிகாரம் உண்டு.

உத்தரவு தவறாக வந்தால் 60 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு நிர்ணயித்த தொகையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கட்ட வேண்டும். கணக்கு சரியாக இருந்தால் அந்த வழிக்குப் போகாமல், மீதிக்குத் தவணை கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். தவணை உங்கள் உரிமை இல்லை, அதிகாரி பார்த்துக் கொடுப்பது. நடப்பு மாதப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் தவறாமல் கட்டி, அந்தச் சலானையும் மனுவோடு வையுங்கள். அது இல்லாமல் தவணை கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.