கிட்டார் கேபிளை ஸ்பீக்கரில் செருகலாமா?

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பழைய 300 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும், 4 ஓம் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றும் தனித்தனியாக வாங்கினோம். இணைக்கும் கேபிள் கூட வரவில்லை. கிட்டார் கேபிள் இரண்டு பக்கமும் பொருந்துகிறது, அதையே போடலாமா? கடைக்காரரோ ‘ஆக்சிஜன் இல்லாத செம்பு’ என்று விலை கூடிய கேபிளைக் காட்டுகிறார்.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: போடாதீர்கள். இரண்டுக்கும் ஒரே 6.35 மி.மீ. பிளக்கைப் பொருத்தி விற்பதால் வரும் வினை இது. கிட்டார் கேபிளுக்குள் நடுவில் மெல்லிய கம்பி ஒன்று, அதைச் சுற்றி இரைச்சலைத் தடுக்கும் கம்பி வலை. கிட்டாரிலிருந்து வரும் துளி மின்சாரத்துக்கு அது போதும். உங்கள் ஆம்ப்ளிஃபயரோ முழு வேகத்தில் 4 ஓம் பெட்டிக்குள் சுமார் 8.7 ஆம்பியர் செலுத்தும். நடுக்கம்பி சூடேறி, உறை இளகி, வலையைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட்தான். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் அதில் பழுதாகலாம். வால்வு வகையாக இருந்தால், கேபிள் அறுந்து ஸ்பீக்கர் இல்லாமல் ஓடுவதே ஆபத்து. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடக்கூடும்.

ஸ்பீக்கர் கேபிளில் ஒரே பருமனில் இரண்டு கம்பிகள் இருக்கும், வலை இருக்காது. கேபிளின் மேல் ஒன்றும் அச்சிடப்படவில்லை என்றால் பிளக்கின் மூடியைத் திருகிப் பாருங்கள். திறக்கவே முடியாதபடி வார்த்திருந்தால் அதை வாங்க வேண்டாம்.

ஆக்சிஜன் கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 3 மீட்டர் கேபிள் என்றால், போக வர மொத்த மின்தடை ஏறக்குறைய 0.045 ஓம். பெட்டியின் 4 ஓமில் அது ஒரு சதவீதம் சொச்சம். எந்தக் காதும் அதைக் கண்டுபிடிக்காது. 1.5 சதுர மி.மீ. கூட இந்த நீளத்துக்குப் போதும். பார்க்க வேண்டியது வேறொன்று: செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று தள்ளிவிடுகிறார்கள். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். அலுமினியத்தில் மின்தடை அதிகம், இழைகளும் சீக்கிரம் முறியும்.

ஆம்ப்ளிஃபயர், பெட்டி இரண்டிலும் ஸ்பீக்கான் (ஸ்பீக்கருக்கென்றே உள்ள வட்டமான பிளக்) துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். திருகினால் பூட்டிக்கொள்ளும், நடுவில் யாராவது கால் தட்டினாலும் கழன்று வராது. மின்கடையில் மல்ட்டி ஸ்ட்ராண்ட் (பல இழை) கம்பி வாங்கி நீங்களே இணைப்பதாக இருந்தால், இரு முனையின் ஸ்பீக்கான் பிளக்கிலும் ஒரு கம்பியை 1+ என்ற இடத்திலும் மற்றதை 1- என்ற இடத்திலும் திருகி இறுக்குங்கள். பற்றவைக்கத் தேவையில்லை. எதைச் செருகுவதானாலும் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பின்னால் இன்னொரு 4 ஓம் பெட்டி சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டும் பக்க இணைப்பில் சேர்ந்தால் 2 ஓம் ஆகிவிடும். குறைந்தபட்சம் 4 ஓம் என்று எழுதியிருந்தால் அந்த யோசனையைக் கைவிடுங்கள்.